படகின் முன்பலகையில் ஆர்டிஸ்

மேசா, அரிசோனா
19 ஜூன் 1988

அன்புள்ள ஓரினுக்கு,

நானும் என் பெண்டாட்டியும் நலம் என்று எழுதினால் லவோன் எட்டிப் பார்த்து, அந்த வரியை அடித்துவிடச் சொல்வாள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். உலர்ந்த காற்று நுரையீரலுக்கு நல்லது என்று எங்களை இந்த ஊருக்கு அனுப்பிய டாக்டர், ஜூன் மாதத்தில் ஒருநாள்கூட இந்தத் தெருவில் நடந்திருக்க மாட்டார். லவோன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாரைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூச்சுக்குத்தான் பஞ்சம், பேச்சுக்கு இல்லை.

டாமராக் ஏரி எப்படி இருக்கிறது? நம் பக்கம் மழையே இல்லை என்று செய்தியில் சொன்னான். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது? பாஸ் மீன்கள் குஞ்சுக் காவலை முடித்துக்கொண்டு ஆழத்துக்கு நகர்ந்துவிட்டனவா? நீ ஒரு வரி எழுதிவிட்டு 'மற்றவை நேரில்' என்று முடிக்கிற ஆள். இனி நேரில் என்பதே இல்லையப்பா. பக்கம் பக்கமாக எழுது.

உன் படகில் நான் உட்காரும் முன்பலகையில் யாரையாவது உட்கார வைத்திருக்கிறாயா? வைக்காதே. ஒரே ஒருத்திக்கு மட்டும் அனுமதி, என் தங்கை ஆர்டிஸுக்கு. பள்ளிப் பேருந்து ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வடகரையில் அப்பா வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாளோ. பனிக்காலத்தில் வழுக்கி விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? இங்கே அவளுக்கென்று ஒரு அறை ஒதுக்கியாயிற்று. திரைச்சீலைகூடப் போட்டுவிட்டோம். போனில் கூப்பிட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

நீ சொன்னால் கேட்பாள். உன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு, ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படகில் கூட்டிக்கொண்டு போ. நடு ஏரியில் யாரும் எழுந்து போய்விட முடியாது. மெதுவாகப் பேச்செடு. வீட்டை விற்றுவிட்டு, குளிர் வருவதற்குள் அவள் இங்கே வந்துவிட வேண்டும். இந்த ஒரு காரியத்தை எனக்காகச் செய்.

உன் நண்பன்,
கிளேட்டன்


நார்ட்பி, மினசோட்டா
28 ஜூன் 1988

அன்புள்ள கிளேட்டன்,

கடிதம் கிடைத்தது. லவோனை விசாரித்ததாகச் சொல். அவள் சுடும் ரொட்டி இல்லாமல் தேவாலயத்துக் காப்பிக் கூட்டமே களையிழந்துவிட்டது.

பக்கம் பக்கமாக எழுதச் சொன்னாய், இந்தா. மழை இல்லை. பக்கத்து வயல்களில் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை, இலைகள் சுருண்டு நிற்கின்றன. ஏரி இறங்கிவிட்டது. உன் பழைய படகுத்துறையின் கால்கள் பாதிக்கு மேல் வெளியே தெரிகின்றன. தெற்கு வளைகுடாவில் பச்சைப் பாசி வண்ணம் கொட்டியது போல மிதக்கிறது. தண்ணீருக்குள் கை விட்டால் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருக்கிறது. விடிந்த புதிதில் அல்லி இலைகளுக்கு நடுவே பாஸ் மேலே வந்து தவளைகளை அடிக்கிறது. வெயில் ஏறியதும் ஏரியில் மீனே இல்லை என்று சத்தியம் செய்யலாம் போல ஆகிவிடுகிறது.

ஆர்டிஸைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பலகையில் உட்கார்ந்தாள், பேருந்து ஓட்டுவது போல முகத்தை நேரே வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான், கடைசிவரை திரும்பவே இல்லை. நான் தூண்டில் பெட்டியைத் திறந்தால்கூட, "பின்னாடி என்ன சத்தம்?" என்று கேட்கிறாள். ஒருமுறை நான் சிகரெட்டை எடுத்தேன். "ஓரின், அத அணைச்சுட்டு வாங்க, இல்ல இங்கயே எறங்கிக்கங்க" என்றாள். கரை கால் மைல் தூரத்தில் இருந்தது. அணைத்துவிட்டேன்.

சிறு வயதுக்குப் பிறகு தூண்டிலைத் தொட்டதில்லையாம். இரையாகக் கட்டி முதலில் எறிந்த ரப்பர் தவளை என் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாவது எறிந்தது அல்லி இலைமேல் போய் உட்கார்ந்தது. இழுக்கலாமா என்று கேட்டாள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுத்தாள். கிளேட்டன், நீ ஒருநாளும் பொறுத்ததில்லை. இலை வெடித்தது போல மீன் அடித்தது. நடுத்தர மீன்தான். ஆனால் அவள் போட்ட சத்தத்தில் நாரைகள் எழுந்து போயின.

நீ சொன்ன விஷயத்தைப் பேச நேரம் அமையவில்லை. அடுத்த முறை பேசுகிறேன்.

உன்,
ஓரின்


மேசா
7 ஜூலை 1988

அன்புள்ள ஓரின்,

விடியற்காலையிலிருந்து ஒரு பெண்ணோடு ஒரே படகில் உட்கார்ந்திருந்துவிட்டு 'நேரம் அமையவில்லை' என்று எழுத உன்னால்தான் முடியும்.

மீன் விஷயத்துக்கு முதலில் வருகிறேன், அதில்தான் உனக்கு அவசர உதவி தேவை. வெயில் ஏறினால் மீன் இல்லை என்று எப்படி எழுதினாய்? ஏரியை விட்டு அது எங்கே போகும், ஊருக்குள் ஐஸ்கிரீம் வாங்கவா? பாசிக் காடு முடிந்து ஆழம் தொடங்கும் ஓரத்துக்குப் போயிருக்கும். கரையிலிருந்து அந்த ஓரம் சுவர் மாதிரி நிற்கும், தெரியுமல்லவா? நேராக ஓடும் சுவரில் நேரத்தை வீணாக்காதே. சுவர் எங்கே மூக்கு நீட்டுகிறதோ, எங்கே உள்ளே மடங்குகிறதோ, அங்கே எறி. ரப்பர் புழுவுக்கு முன்னால் ஈயக்குண்டு போட்டு, பாசி ஓரமாகவே இறங்க விடு. தரையைத் தொட்டதும் சும்மா இரு. கையில் தூண்டில் நரம்பு கனத்தால் அது மீன். இன்னும் ஆழமாகப் போனால் குளுமையாக இருக்குமே என்று நினைக்காதே. இந்த மாதம் அடித்தண்ணீரில் மீனுக்கு மூச்சே கிடைக்காது.

அதுவும் பலிக்காவிட்டால், யாரும் நுழைய முடியாத அடர்ந்த அல்லிப் படர்வுக்குள் போ. மேலே கூரை மாதிரி இலை. கீழே நிழல். உச்சிவெயிலில் கிழட்டுப் பெரிய மீன்கள் அங்கேதான் படுத்திருக்கும். கனத்த நரம்பு போடு. மாட்டியதும் தலையைத் தூக்கிவிடு, யோசிக்காதே.

இப்போது ஆர்டிஸ். அதே ஆலோசனைதான், யோசிக்காதே. கேட்டுவிடு. லவோன் தினமும் விசாரிக்கிறாள். போன வாரம் லவோனுக்கு இரண்டு நாள் படுக்கை. வேறொன்றும் இல்லை. நான் சமாளித்துக்கொள்கிறேன்.

கிளேட்டன்


நார்ட்பி
18 ஜூலை 1988

அன்புள்ள கிளேட்டன்,

நீ சொன்ன அல்லிப் படர்வுக்குள் போனோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கடைசிவரை படி.

முதலில் பாசிச் சுவரின் மூக்கில் ஆளுக்கு ஓரிரண்டு மீன் பிடித்தோம். நீ சொன்னது சரிதான், இதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள். ஆர்டிஸ் முட்டை சாண்ட்விச்சும் ருபார்ப் தண்டு போட்ட கேக்கும் கொண்டுவந்திருந்தாள். முன்பலகை வெயிலில் அடுப்பு மாதிரி சுடுகிறது என்பதால் ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருந்தேன். அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

உச்சி நேரத்தில் காற்று நின்றுபோயிற்று. மேற்கு மூலை அல்லிப் படர்வுக்குள் படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டே போனோம். அவள் இலைகளுக்கு நடுவே ஒரு தட்டு அகலத் துளையில் புழுவை இறக்கினாள். அப்புறம் அந்தத் துளையே காணாமல் போயிற்று. "ஓரின்! ஓரின்! ஒக்காருங்க எல்லாரும்!" என்று கத்துகிறாள். எல்லாரும் என்றால் நான் ஒருத்தன்தான். உட்கார்ந்தேன். தூண்டில் கோல் வில்லாக வளைய, தண்டும் இலையும் வேருமாக ஒரு பொதியை இழுத்து வந்தாள். பொதிக்குள் மீன். கிளேட்டன், நாம் இருவரும் அந்த ஏரியில் பார்த்ததிலேயே பெரியது. வாய்க்குள் என் முஷ்டி போகும்.

ஆனால் அவ்வளவு வெந்நீரில் அவ்வளவு நேரம் போராடியதில் மீன் ஓய்ந்துபோயிருந்தது. தண்ணீரில் விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. இனி தேறாது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன்.

"உசுரு போகாது. இருங்க," என்றாள்.

படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டு, மீனின் கீழ்த்தாடையைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். படகு சாய்ந்தது. அவள் விழுந்துவிடாமல் நான் பின்னாலிருந்து அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே இருந்தோம். முதுகில் வெயில். அவள் மீனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், பேருந்தில் முதல்நாள் ஏறி அழும் பிள்ளைகளிடம் பேசுவது போல. செவுள் மெல்ல மெல்ல விரியத் தொடங்கியது. பிறகு வாலால் ஒரு அடி அடித்து அவள் முகத்தையெல்லாம் நனைத்துவிட்டுப் போயிற்று.

அவள் எழவில்லை. படுத்தபடியே கேட்டாள்: "ஓரின், என்னைய அரிசோனாவுக்கு அனுப்பச் சொல்லி கிளேட்டன் ஒங்ககிட்ட சொன்னானா?"

சொன்னான் என்றேன். பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல வரவில்லை.

"நான் தனியா இருக்கேன்னு அவனுக்குக் கவலையா, இல்ல அங்க அவனுக்கு ஆள் தேவைப்படுதா? கவலைன்னா, பட வேண்டாம்னு சொல்லுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். ஆள் வேணும்னா அதை நேரா என்கிட்ட கேக்கச் சொல்லுங்க. சுத்தி வளைச்சு ஒங்க தலையில ஏன் கட்டுறான்?"

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். பதில் இதுதான். இனி நீ அவளிடம் நேராகப் பேசு.

ஓரின்


மேசா
25 ஜூலை 1988

ஓரின்,

எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. நான் கேட்டது அவளுக்காகத்தான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏரியில் பிடிபட்ட மிகப் பெரிய மீனைப் பற்றி மூன்று வரி. என் தங்கையைப் பற்றி இரண்டு பக்கம். அத்தனை வருஷம் அந்தப் பலகையில் உட்கார்ந்து என் பின்பக்கம் வெந்தது. எனக்கு நீ ஒரு பழைய சாக்குத் துணிகூடப் போட்டதில்லை.

அவள் வரக்கூடாது என்று நினைக்கிறாயா? நீ யார் பக்கம்? இதற்கு மட்டும் பதில் எழுது.

கிளேட்டன்


நார்ட்பி
8 ஆகஸ்ட் 1988

அன்புள்ள கிளேட்டன்,

பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். என் வீட்டுக்காரி எடித் கண்மூடிய பிறகு இந்த வீட்டில் யார் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. இப்போது சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது, ஆர்டிஸ் காலையில் சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துவிடுகிறேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீ அவளைக் கூப்பிட என்னை அனுப்பினாய், நான் போன இடத்தில் எனக்காகக் கேட்பது முறையில்லை என்று படுகிறது. நீ சரியென்று எழுதினால் கேட்பேன். வேண்டாம் என்றால் அதையும் எழுது. உன்மேல் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படாமல் இருக்க முயற்சி செய்வேன்.

நேற்று படகில் போனபோது அவள் சொன்னாள்: "நீ ஏன் இன்னிக்கி இவ்வளவு பேசாம வர? மீனுக்குக் கேக்கும்னா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்ப நானும் பேசல" என்றாள். அரை நிமிஷம் தாங்கினாள்.

ஏரி இன்னும் கொதிக்கிறது. மீன்கள் பாசிச் சுவரிலேயே நிற்கின்றன.

பதில் எழுது.

உன்,
ஓரின்


நார்ட்பி
31 ஆகஸ்ட் 1988

அன்புள்ள கிளேட்டன்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். கோபத்தில் இதை எழுதவில்லை, வேறொரு சேதி சொல்லத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தாளாம். நீ கடைக்குப் போயிருந்தாய், லவோன் எடுத்தாள். குளியலறையில் லவோனைத் தூக்கப் போய் நீயும் சேர்ந்து விழுந்ததையும், உன் முதுகு இன்னும் நேராகவில்லை என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாய் என்றும், அவள் கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து படுக்கையில் படுப்பதே இல்லை என்றும் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு ஆர்டிஸ் நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழுத கண்கள். ஆனால் பேச்சு கோபப் பேச்சு. "அந்தக் கழுதைக்கு வாய் இருக்குல்ல? 'ஆர்டிஸ், என்னால முடியல, வா'ன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாளைக்கே கெளம்பியிருப்பேனே ஓரின்!"

எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டேன். சனிக்கிழமை விமானம், விமான நிலையத்துக்கு நீ கொண்டுபோய் விடுவாயா என்றாள். விடுகிறேன் என்றேன். கதவுவரை போய்த் திரும்பினாள். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்றாள். பத்திரமாகப் போய்வா என்றேன்.

சொல்ல இருந்தது. சொன்னால் அவள் தயங்குவாள், அல்லது தயங்காமல் வந்து அங்கே மனசு இரண்டாக இருப்பாள். உங்கள் இருவருக்கும் இப்போது தேவைப்படுவது முழு ஆள். ஆகவே கிளேட்டன், போன கடிதத்தில் நான் எழுதியதை அவளிடம் சொல்லாதே. கிழித்துப் போட்டுவிடு.

சனிக்கிழமை பிற்பகல் விமான நிலையத்துக்குப் போ. முதுகு வலித்தால் யாரையாவது அனுப்பு. அவள் பெட்டி கனமாக இருக்கும், பாதி லவோனுக்காகப் போட்ட ஜாம் பாட்டில்கள். வடகரை வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் மூடிவைக்கிறேன். வீட்டை விற்கும் பேச்சை மட்டும் இப்போது எடுக்காதே.

மழை வந்துவிட்டது. ஏரி ஆறத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஓரிரு வாரத்தில் மீன்கள் கரைப்பக்கம் திரும்பும். நான் இந்த வாரம் ஏரிக்குப் போகவில்லை.

லவோனுக்கு என் அன்பு.

ஓரின்


மேசா
2 அக்டோபர் 1988

அன்புள்ள ஓரினுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்தப் பதில். முன்னதற்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது: 'எனக்கு அவள் வேண்டும், நீ எடுத்துக்கொள்ளாதே.' அதை எழுத வெட்கமாக இருந்தது. வேறெதையும் எழுதினால் பொய்யாக இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

ஆர்டிஸ் வந்து இறங்கிய அன்றே வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. என்னைப் படுக்கையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள். மறுநாள் மத்தியானம்தான் விழித்தேன். அவளிடம் நேராகக் கேட்டேன் ஓரின். "என்னால முடியல ஆர்டிஸ்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "இப்பவாவது சொன்னியே" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதன் பிறகு அவள் செய்ததைக் கேள். இந்தத் தெருவில் யார் பெயரும் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, யார் எந்த நாளில் லவோனோடு வந்து உட்காருவது என்று பேருந்துக்கு நேரம் வகுப்பது போல வகுத்துவிட்டாள். காலையில் ஒரு செவிலியும் வருகிறாள். எதிர்வீட்டு டெக்ஸாஸ்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வருகிறார். லவோனை இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். கேட்டிருந்தால், நாங்கள் குடிவந்த ஏப்ரலிலேயே வந்திருப்பார்களாம்.

ஒருநாள் அவளை இங்குள்ள அணைக்கட்டுக்கு மீன் பிடிக்க அழைத்துப் போனேன். சுற்றிப் பார்த்தாள். "பாசி இல்ல, அல்லி இல்ல. தொட்டியில தண்ணி புடிச்சு வச்ச மாதிரி இருக்கு. மீன் எங்கடா நிக்கும்?" என்றாள். பிறகு வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீடு வரும்வரை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, பயந்துவிட்டேன்.

நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. லவோன் சொல்லிவிட்டாள். கடிதத்தை நான் கிழிக்கவில்லை, அவளிடம் படித்துக் காட்டியிருந்தேன், தப்பு என்னுடையதுதான். நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு, ஓரின் உன்மேல உசுரா இருக்கான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இருக்கிற மூச்சை இதற்குச் செலவழித்திருக்கிறாள் பார்.

ஆர்டிஸ் உருளைக்கிழங்கைத் தள்ளினாள். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னாள்: "ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்தான். மூணு மணி நேரமும் சோளத்தப் பத்தியே பேசினான். நான் வேற ஆளப் பாத்துக்கணும்போலன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

"இப்ப என்ன நெனைக்கிற?" என்று கேட்டேன்.

"அவன் கேக்கட்டும், சொல்றேன். ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் ஓரின். அவள் பேருந்து ஓட்ட ஆரம்பித்த வருஷம் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இது என் முடிவு. ஏரி உறைந்ததும் கிளம்பி இங்கே வா. குளிர்காலம் முழுக்க எங்களோடு இரு. லவோனைத் தூக்க ஒரு பலமான ஆள் கிடைத்ததாகவும் இருக்கும். வசந்தத்தில் ஏரி திறந்ததும் அவளை அழைத்துக்கொண்டு போய்விடு. நான் தடுக்க மாட்டேன். அதற்குள் இந்தத் தெருவே எங்களுக்குச் சொந்தமாகியிருக்கும். வடகரை வீட்டை விற்க வேண்டாம். எங்களுக்கும் ஒரு கோடைக்காவது வந்து தங்க இடம் வேண்டும், லவோனுக்கு மூச்சு இருந்தால்.

தபாலில் கேட்டுவிடாதே, அவளுக்கு அது பிடிக்காது. நேரில் வந்து கேள். கேட்கும்போது சோளத்தைப் பற்றிப் பேசாதே. திரைச்சீலை போட்ட அறை அவளுடையது, உனக்கு இப்போதைக்குக் கூடத்து சோபாதான். சோபாவில் ஒரு பக்கம் கம்பி குத்தும், பார்த்துப் படு.

இப்படிக்கு,
உன் மச்சான்
கிளேட்டன்